சண்டை வேண்டாம் என்ற முலுண்டு அன்பருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் முலுண்டு அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். பேரனோடு உட்கார்ந்து அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர்கள் பார்க்க ஆசை; ஆனால் போட்டதிலெல்லாம் தலை உருளுகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உலகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கத்துகிறார்கள். சண்டை கூடாது, அரைகுறை உடை கூடாது, நூறு எபிசோட் இழுக்கக் கூடாது, உட்கார்ந்து கதை கேட்ட மாதிரி இருக்கணும், அதுவும் தமிழில் பேசணும் என்று கேட்டிருந்தார். பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார்! கடைசி ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது.

நான் முப்பத்து நான்கு வருஷம் டெலிபோன் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச ஆபரேட்டர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்றிருந்த ட்ரங்க் கால் காலத்தில் சேர்ந்தவள். முகமே தெரியாது, குரல்தான். 'ஹலோ' சொல்வதிலேயே அந்த வீட்டில் சாவா, கல்யாணமா என்று தெரிந்துவிடும். ரிடையரான பிறகு பேத்திதான் என்னை அனிமே பக்கம் இழுத்துவிட்டாள்.

அன்பர் முதலில் பார்க்க வேண்டியது 'ஷோவா கென்ரோகு ரகுகோ ஷின்ஜூ'. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ரகுகோ என்பது ஜப்பானியரின் கதைசொல்லும் கலை. ஒரே ஆள், மேடையில் ஒரு மெத்தைமேல் மண்டியிட்டு உட்கார்ந்துகொள்வார். கையில் ஒரு விசிறி, ஒரு சின்னத் துண்டு. கதை முடியும்வரை எழுந்திருப்பதில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பினால் வீட்டுக்காரர், மறுபக்கம் திருப்பினால் வாடகை பாக்கிக்காரன். விசிறியே புகைக்குழாய், விசிறியே நூடுல்ஸ் தின்கிற குச்சி. சின்ன வயதில் மாட்டுங்கா ஆஸ்திக சமாஜத்தில் பாட்டி மடியில் படுத்து உபன்யாசம் கேட்டவளுக்கு இது அந்நியமாகவே தெரியவில்லை. என்ன, இங்கே ராமர், அங்கே பெரும்பாலும் குடிகாரர்களும் ஏமாளிகளும்.

2016இல் 13, 2017இல் 12, ஆக 25 எபிசோட். கதை முழுசாக முடிந்துவிடும். ஜெயிலிலிருந்து வந்த ஒருவன், யாகுமோ என்கிற சிடுசிடுப்பான வித்வானிடம் சீடனாகச் சேர்கிறான். யாகுமோவுக்குக் குரல் அகிரா இஷிதா. வாலிபத்தில் மேடையில் தடுமாறும்போதும், கிழவரான பின் எமன் கதை சொல்லும்போதும் அதே மனிதர்தான் பேசுகிறார். அந்தக் கதையில் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு மெழுகுவர்த்தி எரியும். ஒன்று அணையப் போகிற இடத்தில் அவர் குரலை இறக்குவார் பாருங்கள்! அதனால்தான் டப்பிங் வேண்டாம் என்கிறேன். அந்தக் காலத்தில் லைன் சரியில்லை என்றால் நாங்களே நடுவில் நின்று சேதியை வாங்கிச் சொல்வோம். விஷயம் போய்ச் சேரும், ஆள் போய்ச் சேரமாட்டார்.

ஒரு எச்சரிக்கை. 'ஷின்ஜூ' என்றால் காதலர்கள் சேர்ந்து உயிரை விடுவது. பேரன் சின்னவனென்றால் இதை நீங்கள் தனியாகப் பாருங்கள்.

அவனோடு பார்க்க 'முஷிஷி' இருக்கிறது. 2005இல் தொடங்கியது, முதல் தொடர் 26 எபிசோட், தனித்தனிக் கதைகள். கின்கோ என்கிற நரைமுடிக்காரர் முதுகில் மரப்பெட்டியோடு ஊர் ஊராகப் போவார். நம் ஊரில் காத்து கருப்பு என்பார்களே, அந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத 'முஷி' ஜனங்களைப் படுத்துகிறது, இவர் வைத்தியர். வில்லனே கிடையாது. ஓயாமல் புகைப்பார், அது முஷியை விரட்டத்தான் என்று பேரனிடம் சொல்லிவிடுங்கள். மூன்றாவது எபிசோடில் பனி கொட்டும் கிராமம். சத்தத்தைத் தின்கிற முஷி காதுக்குள் புகுந்து பலருக்கும் ஒரு காது கேட்காமல் போகிறது. ஒரு பையனுக்கு மட்டும் நேர்மாறாக, வேண்டாத சத்தமெல்லாம் கேட்கிறது. உள்ளங்கையால் காதைப் பொத்துகிற ஒரு காட்சி வரும். ஹெட்செட் மாட்டி மாட்டி ராத்திரியில் காது இரைகிறவள் நான். சோபாவில் உட்கார்ந்தபடியே நானும் பொத்திக்கொண்டேன்.

சிரிக்க வேண்டுமென்றால் 'பாரகமோன்', 2014, வெறும் 12. கோபத்தில் பெரியவர் ஒருவரை அடித்துவிட்ட பட்டணத்து எழுத்துக்கலைஞனை (தூரிகையால் அழகாக எழுத்து வரைகிறவன்) அப்பா கோட்டோ தீவுக்கு அனுப்பிவிடுகிறார். தீவு வாண்டுகள் அவனைப் படுத்துகிற பாடுதான் கதை.

தமிழ் வேண்டுமே என்பார். இந்த மூன்றும் தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை டிவி செட்டிங்கில் பெரிதாக்கலாம். அதுவும் முடியாவிட்டால் பேரனை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். என் பேத்தி அப்படித்தான் ஆரம்பித்தாள். மெழுகுவர்த்தி அணையும் அந்த இடத்தில் அவள் மொழிபெயர்ப்பு: "பாட்டி, அவனுக்கு வாட் லக் கயி!" பம்பாய் ஹிந்தியில், ஆள் காலி என்று அர்த்தம். நான் அதற்கப்புறம் அதே காட்சியை இன்னொரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

ரகுகோ தொடரின் முதல் எபிசோட் மட்டும் வழக்கமான அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காரவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
செம்பூர், மும்பை.