மாமாவுக்கு, லண்டனிலிருந்து ஒரு டீம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள், அத்தை, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? மழையில் கிரவுண்டு முழுக்கத் தண்ணீர், பயிற்சி நின்றுபோய் நீங்கள் வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்கிறீர்கள் என்று அம்மா போனில் சொன்னாள். வியாசர்பாடியில் மழை விட்டால் மறுநாள் வெயில் அடித்துவிடும். இங்கே அப்படி இல்லை. டிசம்பர் பிறந்தால் சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்து எழுந்தால் மறுபடியும் இருட்டுதான்.

"ஆர்சனல் கிரவுண்டு பக்கத்திலேயே இருந்துகிட்டு மேட்ச் பாக்கலையா?" என்று போன தடவை கேட்டீர்கள். ஆர்சனல் ஃபுட்பால் கிளப்புக்கு இருப்பது 60,000 பேர் உட்காரும் ஸ்டேடியம்தான், ஆனாலும் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். பணம் கட்டி மெம்பர் ஆகி, அதற்கு மேல் குலுக்கலில் பெயர் வர வேண்டும். பெண்கள் அணி ஆடும்போது டிக்கெட் விலை குறைவு, அதற்குத்தான் போனேன். மேட்ச் நாளில் ஹாலோவே ரோட்டில் நடக்கவே முடியாது. குதிரைப் போலீஸ், சிவப்பு மஃப்ளர், தெரு முழுக்க வெங்காயம் வதக்கும் வாசனை. ஆர்சனல் 2006 வரை ஆடிய பழைய ஹைபரி ஸ்டேடியத்தையும் போய்ப் பார்த்தேன். சுற்றியிருந்த கேலரியெல்லாம் ஃபிளாட் ஆகிவிட்டது. ஆடிய தரை நடுவில் தோட்டமாக இருக்கிறது. வெளியே நின்றுதான் எட்டிப் பார்க்க முடிந்தது. உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் செக்யூரிட்டியிடம் பேசியாவது உள்ளே போயிருப்பீர்கள்.

இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக. எங்கள் வார்டில் நைஜீரியாக்காரர் ஒருவர் நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிற வேலை பார்க்கிறார். கூட கானாவைச் சேர்ந்த மூத்த நர்ஸ் ஒருவர், கிளீனிங் வேலையில் கேமரூன் தம்பி ஒருவன். ராத்திரி இரண்டு மணிக்கு நாங்கள் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவர்கள் ஜோலோஃப் கொண்டுவருவார்கள். நம்ம தக்காளி சாதம் மாதிரியே இருக்கும், காரமும் குறையாது. யார் நாட்டு ஜோலோஃப் உசத்தி என்று நைஜீரியாவுக்கும் கானாவுக்கும் தினம் சண்டை. அந்தச் சண்டை ஒருநாள் ஃபுட்பாலுக்குத் தாவி, ஆர்சனலுக்கு ஆடிய ஆப்பிரிக்கர்களை மட்டும் வைத்து ஒரு டீம் போடுவது என்று ஆகிவிட்டது. என் மாமா ஃபுட்பால் கோச் என்று சொல்லி வைத்திருந்ததால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

சட்டம் இரண்டுதான். ஏதாவது ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்கு ஆடியிருக்க வேண்டும். ஆர்சென் வெங்கர் மேனேஜராக இருந்த காலத்தில், அதாவது 1996 முதல் 2018 வரைக்குள், ஆர்சனலுக்கு வந்திருக்க வேண்டும். வெங்கர் காலம் என்பதற்குக் காரணம் உண்டு. லைபீரிய வீரர் ஜார்ஜ் வேயாவை கேமரூனிலிருந்து மொனாக்கோ கிளப்புக்கு 1988-ல் கூட்டி வந்தவரே அவர்தான். மற்றவர்கள் கண்ணில் படாத இடங்களில் அவர் ஆள் தேடியிருக்கிறார்.

முதலில் கேப்டன். கோலோ டூரே, ஐவரி கோஸ்ட். இதில் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. 2002-ல் அபிஜான் நகரின் அசெக் கிளப்பிலிருந்து வந்தார். அங்கே ழான்-மார்க் கியூ என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு அகாடமி நடத்தினார். முன்பு பிரான்ஸின் கான் கிளப்பில் அவருக்கு உதவியாளராக இருந்தவர்தான் வெங்கர். அந்த மனுஷர் சின்னப் பிள்ளைகளை வெறுங்காலோடுதான் பழக்குவாராம். பந்து காலில் ஒட்ட வேண்டும், ஷூ அப்புறம். பூட்ஸ் வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்கு நீங்களும் இதைத்தானே சொல்வீர்கள்? கோலோவுக்கு ஆர்சனல் கொடுத்தது ஒன்றரை லட்சம் பவுண்டுதான் என்கிறார்கள். இந்த ஊர் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. டிரையலுக்கு வந்த அன்று ஆர்சனலின் நட்சத்திரங்கள் ஹென்றியையும் பெர்க்காம்பையும் சறுக்கித் தட்டிவிட்டு, கடைசியில் வெங்கரையே தட்டிவிட்டார் என்று அப்போது கூட ஆடிய ரே பார்லர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். முதல் வருஷம் எங்கே நிற்கச் சொன்னாலும் நின்றார். அடுத்த வருஷம் சோல் கேம்பலுக்குப் பக்கத்தில் சென்டர் பேக். 2003-04 லீகில் ஒரு மேட்ச்கூடத் தோற்காத டீமின் பின்வரிசை அதுதான்.

அவருடைய தம்பி யாயா டூரேவும் 2003-ல் இங்கே வந்து, பார்னெட் டீமுக்கு எதிரான பயிற்சி மேட்சில் ஆர்சனல் சட்டையோடு ஆடினார். வேலை செய்ய அனுமதிப் பேப்பர் கிடைக்கவில்லை. உக்ரைனுக்குப் போய்விட்டார். பின்னாளில் மான்செஸ்டர் சிட்டிக்காக என்னவெல்லாம் செய்தார் என்று உங்களுக்கே தெரியும். விசா பேப்பருக்காகக் காத்திருந்தவர்கள்தானே நாங்கள் எல்லோரும், இந்தக் கதை வந்ததும் மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கோலோவுக்கு வலப்பக்கம் கேமரூனின் லாரன். எங்கள் வார்டு கேமரூன் தம்பிக்கு ஒரே சந்தோஷம். 2002 ஏப்ரலில் டாட்டன்ஹாமுக்கு எதிராக மேட்ச் முடியப் போகிற நேரத்தில் பெனால்டி. கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, லாரன் பந்தை நடுவில் மெல்ல உருட்டிவிட்டார். அந்த வருஷம் லீகும் எஃப்.ஏ. கப்பும் ஆர்சனலுக்கே. இடப்பக்கம் அலெக்ஸ் சாங், அவரும் கேமரூன். மிட்ஃபீல்டில் ஆடியவர்தான், ஆனால் தேவைப்பட்டபோது பின்னாலும் நின்றிருக்கிறார். இவர்கள் மூன்று பேரை வைத்து 3-4-3, அதாவது பின்னால் மூன்று, நடுவில் நான்கு, முன்னால் மூன்று என்று போட்டிருக்கிறேன். நீங்கள் திட்டுவீர்கள், தெரியும். இடது பேக்குக்கு நான் நம்பி நிறுத்த ஆள் இல்லை மாமா, வேறு வழியில்லை. செனகலின் ஆர்மான் டிரவோரேயை இடது ஓரத்தில் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தேன்.

வலது ஓரத்தில் எம்மானுவேல் எபுவே. அவரும் கியூவின் அகாடமிதான், பெல்ஜியத்தின் பெவெரன் கிளப் வழியாக இங்கே வந்தார். 2006 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் சோல் கேம்பல் தலையால் முட்டிய கோல், எபுவே வாங்கிக் கொடுத்த ஃபிரீ கிக்கில் வந்தது. 2008 டிசம்பரில் விகன் மேட்சில் அவரை சப்ஸ்டிட்யூட்டாக இறக்கி, ஆட்டம் சரியில்லை என்று மறுபடியும் வெளியே எடுத்தார்கள். சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டு அனுப்பினார்கள். அந்த வீடியோவைப் பார்த்தேன், மனசு கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் அதே ரசிகர்கள் அவர் பெயரைப் பாடும்படி ஆடிக் காட்டினார் என்பதற்காகவே அவர் என் டீமில் இருக்கிறார்.

நடுவில் எகிப்தின் எல்நெனி, நைஜீரியாவின் இவோபி. எல்நெனி ஆர்சனலுக்கு அடித்த முதல் கோலே பார்சிலோனா கிரவுண்டில்தான். இவோபி, நைஜீரியாவின் பழைய நட்சத்திரம் ஜே-ஜே ஒகோச்சாவின் சகோதரி மகன், உங்களுக்கு இது போதும்.

இப்போது முன்வரிசை. முதலில் நைஜீரியாவின் கனு. நீங்கள் கேட்க நினைப்பது இவரைத்தானே? நான் வேலை பார்ப்பது இதய வார்டு. வால்வு ஆபரேஷன் முடிந்தவரை மறுநாள் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்போம். நெஞ்சுக்குக் குறுக்கே தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு அடி வைக்கவே பயப்படுவார்கள். 1996-ல் நைஜீரியாவுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்த கையோடு கனுவின் இதய வால்வில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் ஆபரேஷன். அப்படிப்பட்டவர் திரும்பி வந்து, 1999 அக்டோபர் 23 அன்று, செல்சி கிரவுண்டில் கொட்டுகிற மழையில், 2-0 என்று பின்தங்கி நின்ற மேட்சில் கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் மூன்று கோல் அடித்தார். மூன்றாவது கோலை ஸ்டெப் ஸ்டெப்பாகப் பாருங்கள். இடது மூலையில் பந்தைப் பறிக்கிறார். கோல்கீப்பர் முன்னால் ஓடி வருகிறார். உடம்பை ஒரு ஆட்டு ஆட்டி அவரைத் தாண்டுகிறார். எண்ட் லைன் ஓரம், கோணமே இல்லை, கோல் வாசலில் இரண்டு டிஃபெண்டர்கள். அவர்கள் தலைக்கு மேலே வளைத்து மேல் மூலைக்குள் போட்டார். நைஜீரியாக்காரர் இதைச் சொல்லும்போது எழுந்து நின்றுவிட்டார். பிற்பாடு கனு இதய நோயுள்ள குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்ய ஒரு அறக்கட்டளையும் தொடங்கினார்.

ஆர்சனலுக்கு அவர் ஆடிய முதல் மேட்ச் இன்னும் விசேஷம். 1999 பிப்ரவரி, ஷெஃபீல்ட் யுனைடெட் டீமுக்கு எதிராக. அடிபட்டவருக்காக அவர்கள் பந்தை வெளியே அடித்தார்கள். திருப்பிக் கொடுக்க ஆர்சனல் த்ரோ எறிய, கனு பந்தை எடுத்துக்கொண்டு ஓடி கிராஸ் போட, ஓவர்மார்ஸ் கோலாக்கிவிட்டார். சட்டப்படி தப்பில்லை, எழுதாத வழக்கம் ஒன்று இருக்கிறது. வெங்கர் தானாகவே முன்வந்து மேட்சை மறுபடி ஆடலாம் என்றார். ஆடி மறுபடியும் 2-1 என்றே ஜெயித்தார்கள். புது ஊரில் எழுதி வைத்த விதியை மூன்று மாதத்தில் படித்துவிடலாம் மாமா. எழுதாததைப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் கானா அக்கா.

கனுவோடு முன்னால் காபோனின் ஔபமயாங், டோகோவின் அடெபயோர். ஔபமயாங்குக்கு கிளப் கொடுத்தது 5 கோடியே 60 லட்சம் பவுண்டு. 2020 எஃப்.ஏ. கப் ஃபைனலில் கொரோனாவால் ஆளில்லாத வெம்ப்ளி ஸ்டேடியத்தில் செல்சிக்கு எதிராக இரண்டு கோலும் அவருடையது. அடெபயோரை எடுக்கக் கூடாது என்று கேமரூன் தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். மான்செஸ்டர் சிட்டிக்குப் போனபின் 2009-ல் ஆர்சனலுக்கு எதிராக கோல் அடித்துவிட்டு, கிரவுண்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஓடிவந்து ஆர்சனல் ரசிகர்கள் முன்னால் சறுக்கினாரே, அந்தக் கோபம். ஆனால் 2007-08-ல் 30 கோல் அடித்த ஆளை எப்படி விடுவது? எடுத்துவிட்டேன். 1998-ல் முக்கியமான கோல்கள் அடித்த லைபீரியாவின் கிறிஸ்டோபர் ரே, ஐவரி கோஸ்ட்டின் ஜெர்வின்யோ, மொராக்கோவின் சமாக் மூவரும் பெஞ்சில். பெண்கள் அணியில் 2016-ல் ஆடிய நைஜீரியாவின் அசிசாட் ஒஷோவாலாவையும் பெஞ்சில் சேர்க்க வேண்டும் என்றார் கானா அக்கா. நானும் கையைத் தூக்கினேன்.

எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர்தான் வருவார்கள். கோல்கீப்பர் இல்லை. கோல்கீப்பராக லிவர்பூலுக்கு ஜிம்பாப்வேயின் கிராபலார் இருந்தார், செல்சிக்கு செனகலின் மெண்டி இருந்தார். வெங்கர் தம் 22 வருஷத்தில் அப்படி ஒருவரையும் கொண்டுவந்து நிலைநிறுத்தவில்லை. ஓடுவதற்கும் கோல் அடிப்பதற்கும் ஆப்பிரிக்காவில் ஆள் தேடினார்கள், வலையைக் காக்கத் தேடவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. நீங்கள் இருபது வருஷம் கோல் போஸ்ட்டில் நின்றவர். பத்துப் பேரில் யாரை அங்கே நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். கனு உயரம் என்று நைஜீரியாக்காரர் சொல்கிறார். கனுவை நான் பின்னால் விடமாட்டேன்.

பொங்கலுக்கு என் கூட வேலை செய்யும் பெண் சென்னை வருகிறாள். சின்னப் பிள்ளைகள் சைஸில் இரண்டு ஜோடி கோல்கீப்பர் கிளவுஸ் கொடுத்து அனுப்புகிறேன். பெரிய சைஸ் வேண்டுமென்றால் அவள் கிளம்புவதற்குள் சொல்லுங்கள். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், பணம் போட்டுவிட்டேன், நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அவளிடம் கொடுத்தால் வாங்க மாட்டாள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்