அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய வீட்டு சினிமா புரொஜெக்டர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷம். இரண்டாம் தடவை வயிற்றைக் கலக்கியது. சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ், அதாவது வீட்டு சினிமா பிலிம் அடைத்த கறுப்புப் பெட்டி, கிடைத்தால் புரொஜெக்டரில் செருகிப் பார்க்கலாம், பொருந்தாவிட்டால் உடைத்து உள்ளே இருக்கும் சுருளை எடுத்துக்கொள்ளலாம் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டார் உங்கள் கட்டுரையாளர். யாராவது ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுப்பதற்குள் இந்தக் கடிதம் வெளியானால் நல்லது.

1965இல் கோடாக் கொண்டுவந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி கேமராவுக்கானது. உள்ளே 50 அடி பிலிம், 3,600 பிரேம்கள். விநாடிக்கு 18 வீதம் ஓடினால் 3 நிமிடம் 20 விநாடி. எடுத்து முடித்ததும் பெட்டியோடு லேபுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் இருட்டில் அதை உடைத்து, பிலிமைக் கழுவி, சின்ன ரீலில் சுற்றித் திருப்பித் தருவார்கள். பெட்டி வீடு திரும்பாது. ஆகவே உடையாத கறுப்புப் பெட்டி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், ஒன்று அது எடுக்கப்படாத பிலிம், இல்லையென்றால் எடுத்தும் கழுவப்படாத பிலிம். இரண்டாவதாக இருந்தால், நீங்கள் திறக்கிற அந்த நொடியில் யாருடைய கல்யாணமோ குழந்தையோ அழிந்துபோகும்.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. நானே அந்தப் பாவத்தைச் செய்தவன். சேகரிக்கத் தொடங்கிய புதிதில், பழைய சாமான் மூட்டையோடு வந்த பெட்டி ஒன்றை நெம்பித் திறந்தேன். சுமார் 15 மீட்டர் பிலிமையும் சன்னல் வெளிச்சத்தில் இழுத்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒரு முகம்கூட இல்லை. முழுக்க மங்கிய ஒரே நிறம். கடைசி முனைக்கு வந்தபோதுதான் ‘எக்ஸ்போஸ்டு’ என்ற முத்திரை கண்ணில் பட்டது. முழுவதும் எடுத்து முடித்த பிலிம் என்று பொருள். திறக்காமலே, பெட்டியின் சின்னச் சன்னலில் அதைப் பார்த்திருக்கலாம். இயற்பியல் வாத்தியாருக்கு ஒளி என்ன செய்யும் என்று தெரியாதா என்று என் மனைவி கேட்டாள். பதில் இல்லை.

கோடாக்குரோம் என்ற கோடாக்கின் வண்ண பிலிமை வண்ணத்தில் கழுவுவது 2010 முடிவோடு நின்றுவிட்டது. ஆனாலும் பழைய பிலிம் கழுவுவதையே தொழிலாகச் செய்பவர்கள் கறுப்பு வெள்ளையிலாவது உருவம் வரவைக்கப் பார்ப்பார்கள். பெட்டி திறக்கப்படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புரொஜெக்டருக்கான கார்ட்ரிட்ஜ் வேறு சாதி. அது 1922இலேயே வந்துவிட்டது: பத்தே பேபி என்ற பிரெஞ்சு வீட்டு புரொஜெக்டரோடு. 9.5 மி.மீ. பிலிம், துளை ஓரத்தில் இல்லாமல் நடுவில், சின்ன உலோக டப்பாவுக்குள். வசனமோ தலைப்போ எழுத்தில் வரும் இடத்தில் பிலிம் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். புரொஜெக்டர் அதைத் தொட்டதும், நீங்கள் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற பிலிம் மட்டும் சில விநாடி நின்று, ஒரே பிரேமைக் காட்டும். எழுத்துக்காக அடிக்கணக்கில் பிலிம் வீணாகாது. இந்தச் சிக்கன மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும்.

அறுபதுகளில் டெக்னிகலர் நிறுவனம் விற்ற புரொஜெக்டர் கார்ட்ரிட்ஜில் பிலிமுக்கு முனையே கிடையாது. சுருளின் நடுவிலிருந்து கிளம்பி, வெளிச்சுற்றில் போய்ச் சேரும். வகுப்பறைகளில் இது பிரசித்தம். இப்படி ஓடுகிற பிலிமில் ஒவ்வொரு சுற்றும் பக்கத்துச் சுற்றின்மேல் வழுக்கியாக வேண்டும். அதற்காகப் பூசிய மசகு இத்தனை வருடத்தில் காய்ந்திருக்கும். பிலிம் இறுகி நின்றுவிட்டால் பல்புச் சூட்டில் அந்தப் பிரேம் குமிழியிட்டுப் போகும். வினிகர் வாடை அடித்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். பிலிமே சிதையத் தொடங்கிவிட்டது, மற்ற பிலிம்களிடமிருந்து தள்ளி வையுங்கள்.

கேமராவிலிருந்து எடுத்த பெட்டியை அப்படியே செருகிப் பார்க்கிற வசதி உண்மையிலேயே ஒன்றில் இருந்தது. போலராய்டின் போலாவிஷன், 1977. அதன் பெட்டியைக் காட்டும் கருவிக்குள் போட்டால் அங்கேயே ஒன்றரை நிமிடத்தில் கழுவி, படம் ஓடும். ஒலி கிடையாது, மூன்று நிமிடம்கூட வராது, மங்கல் வேறு. வீடியோ வந்துகொண்டிருந்த நேரம், 1979இலேயே கைவிட்டார்கள். கட்டுரையாளர் இதை மனதில் வைத்துத்தான் சூப்பர் 8 என்று எழுதிவிட்டாரோ என்னவோ.

திருத்தம் போடுவதானால் தயவுசெய்து பொடி எழுத்தில் மூலையில் போடாதீர்கள். பரணில் இந்தப் பெட்டிகளை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்