நாற்காலி காலியாக இருக்கையில்

ஐயா,

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்து, நிர்வாகம் உயர்கல்விச் செயலர் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. அடுத்தவரைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிரதிநிதி வேண்டுமா என்று ஆளுநருக்கும் அரசுக்கும் இழுபறி. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் கிடப்பில் கிடந்த வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. அடுத்த மாதமே அந்த அதிகார மாற்றத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

யார் நியமிப்பது என்பதிலேயே காலம் ஓடுகிறது. வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சே காணோம். ஆ. லட்சுமணசுவாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், இதே பதவியில் இருந்தார். ஒருவரே அத்தனை காலம் இருக்கலாமா என்பது வேறு விஷயம். ஆனால் இன்றைய மூன்றாண்டுப் பதவிக்காலத்தில், சிண்டிகேட் என்ற ஆட்சிக்குழுவில் யார் யார் எந்தப் பக்கம் என்று பிடிபடுவதற்குள் ஓராண்டு போய்விடும். பேராசிரியர் காலியிடம், பாடத்திட்டம், தணிக்கை ஆட்சேபம், ஓய்வூதிய நிலுவை எல்லாம் அந்த ஒரு மேசைக்குத்தான் வந்து சேர்கின்றன. கோட்டையில் தலைக்குமேல் வேலை உள்ள செயலர் இதையும் சேர்த்துப் பார்ப்பது நடக்கிற காரியமா?

பதவி முடியும் தேதி, நியமன நாளிலேயே தெரியும். ஆறு மாதம் முன்பே தேடுதல் குழு அமைவதைச் சட்டத்திலேயே கட்டாயமாக்குங்கள்.

ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
தாம்பரம்