முழு ஓடுபாதை வேண்டாம், 53 மீற்றர் காணும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், மலேசியாவில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்குப் போய் வந்தவர்களின் படம் வந்திருந்தது. பின்வரிசையில் கழுத்தில் ஒன்றும் தொங்காமல் நிற்கிறவன் நான்தான். படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சேர், ஊர் சுற்றிப் பார்க்கவோ போனீங்கள்?" என்று சந்தியில் நாலு பேர் பகிடி விட்டார்கள். அவர்களுக்கு அந்த இடத்தில் பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், கூடவே எங்கள் பிள்ளைகள் பாய்ந்து பழக றப்பர் போன்ற செயற்கைத் தரையில் ஒரு கீலமும் கேட்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 43. பாடசாலையில் விளையாட்டுப் படிப்பிக்கிறேன், என் போட்டி முப்பாய்ச்சல். மூத்தோர் போட்டிகளில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரிப்பார்கள். செலவெல்லாம் எங்கள் தலையில்தான், மனைவியின் காப்பு ஒன்று இன்னும் அடைவில் கிடக்கிறது. (அவரும் இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர், அதனால் இந்தக் கதையை இதோடு விடுகிறேன்.)

மைதானத்துக்குள் இறங்க முதலே சிக்கல் தொடங்கிவிட்டது. போட்டிக்கு முன் எங்களைச் சரிபார்க்கும் அழைப்பு அறையில் சப்பாத்தைத் திருப்பிப் பிடித்து அடியில் பூட்டிய ஆணியை அளக்கிறார்கள். செயற்கைத் தரையில் எங்கள் போட்டிக்கு 9 மில்லிமீற்றருக்கு மேல் ஆணி கூடாது. எனக்குத் தெரியாத விதி இல்லை, பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன், ஆனால் புல்லில் வழுக்காமல் இருக்கவென்று இங்கே பூட்டிய நீள ஆணியைக் கழற்ற மறந்துபோனேன். நல்லகாலம், பினாங்கிலிருந்து வந்திருந்த ஒரு தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், "தம்பி, இந்தா" என்று தன் பையிலிருந்த சின்ன ஆணிகளையும் சாவியையும் தந்தார். கை நடுங்க நடுங்க ஒவ்வொன்றாய் மாற்றி முடித்தேன்.

சரி, ஆணியாவது மாற்றலாம். பழகிய கால் எட்டை என்ன செய்கிறது? எங்கள் மைதானத்தில், காலை உதைத்து எழும்பும் பலகையிலிருந்து 30 மீற்றர் பின்னால் நின்று 16 எட்டில் ஓடி வருவேன், கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் இடது கால் பலகையில் விழும். செயற்கைத் தரை அப்படி இல்லை. உதைத்த உதையைத் திருப்பித் தருகிறது. ஒவ்வோர் எட்டும் நாலு, ஐந்து சென்ரிமீற்றர் நீளுகிறது, அதைப் பதினாறால் பெருக்கிப் பாருங்கள், முக்கால் மீற்றர் அளவுக்கு வந்துவிடும். பயிற்சிப் பாய்ச்சலில் இது விளங்கி அடையாளத்தை ஓரடி பின்னுக்கு வைத்தேன், போதவில்லை. முதல் பாய்ச்சல் சப்பாத்து முழுக்கக் கோட்டுக்கு அங்கால், சிவப்புக் கொடி. இரண்டாவது நுனிவிரல் மட்டும். முந்தி கோட்டுக்கு அங்கால் பதித்த பிளாஸ்ரிசின் களியில் தடம் விழுந்தால்தான் பிழை, 2021 நவம்பரிலிருந்து சப்பாத்தின் நுனி கோட்டுக்கு மேலால் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றாலே பிழை. திரும்பவும் சிவப்பு.

மூன்றாவதில் பயந்து நல்லாய்ப் பின்னுக்குப் போனேன். பலகைக்குக் கால் மீற்றர் முன்னாலேயே எழும்பிவிட்டேன், அளப்பது கோட்டிலிருந்துதானே, அந்தக் கால் மீற்றர் காற்றோடு போனது. 11.38 மீற்றர். முதல் எட்டுப் பேருக்கு மட்டுமே மேலும் மூன்று பாய்ச்சல் கிடைக்கும். நான் ஒன்பதாவது, நாலு சென்ரிமீற்றரால். இவ்வளவும்தான் நான் ஊர் சுற்றிப் பார்த்த கதை.

என்னை விடுங்கள், எனக்கு வயது போய்விட்டது. என் பிள்ளைகளும் இப்படித்தான் ஒவ்வொரு வருடமும் வலயம், மாகாணம் என்று புல்லிலும் செம்மண்ணிலும் வென்றுவிட்டு, இரவிரவாக 400 கிலோமீற்றர் பஸ்ஸில் குந்தியிருந்து கொழும்புக்குப் போய், சுகததாச மைதானத்திலோ தியகம மைதானத்திலோ முதன்முதலாகச் செயற்கைத் தரையில் கால் வைக்கிறார்கள். பிறகு இரண்டு சிவப்புக் கொடி, அழுகை, திரும்பி வருகை.

இதைச் சொன்னால் பெரியவர்கள் உடனே எதிர்வீரசிங்கத்தைக் கொண்டுவருவார்கள். 1958இல் ரோக்கியோவில் உயரம் பாய்தலில் ஆசியத் தங்கம் எடுத்தவர் செயற்கைத் தரையிலோ பழகினார் என்று. உண்மைதான், ஆனால் அப்போது உலகத்தில் ஒருவருக்கும் அது இருக்கவில்லை. ஒலிம்பிக்கில் செயற்கை ஓடுபாதை வந்தது 1968 மெக்சிக்கோவில், அந்த ஒரே ஒலிம்பிக்கில் ஆண்கள் முப்பாய்ச்சல் உலக சாதனை ஐந்து தடவை உடைந்தது, கடைசியாக சோவியத் வீரர் சனெயெவ் 17.39 மீற்றர். உயரமான ஊர், காற்று மெல்லிசு, அதுவும் ஒரு காரணம்தான். ஆனாலும் தரைக்குப் பங்கில்லை என்று எந்தப் பயிற்றுநரும் சொல்லமாட்டார்.

இன்னொன்று, இடது காலால் எழும்பிக் கெந்தி அதே காலில் விழுந்து, வலதில் ஓர் எட்டு வைத்து, பிறகு பாய்வது எங்கள் போட்டி. அந்த நடு எட்டுக்கு இறங்கும்போது ஒற்றைக் காலில் விழும் பாரம் உடல் எடையின் பத்து மடங்குக்கும் மேல். காய்ந்த செம்மண்ணில் பதினைந்து வயதுப் பெடியன் அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் குதிக்கால் நோ வராமல் என்ன வரும்?

நான் முழு ஓடுபாதை கேட்கவில்லை. எட்டுத் தடம் போட ஓடுபாதைக்கு மட்டுமே 4,000 சதுர மீற்றருக்கு மேல் வேண்டும், அது அரசாங்கத்தின் வேலை. பாய்கிறவனுக்கு வேண்டியது 1.22 மீற்றர் அகலத்தில் ஒரு கீலம். ஓட 40 மீற்றர், பலகையிலிருந்து மணல் கிடங்குக்கு 13 மீற்றர், மொத்தம் 53. சுமார் 65 சதுர மீற்றர், ஒரு சின்ன வீட்டின் அளவு. பெண் பிள்ளைகளுக்கு 11 மீற்றரில் இன்னொரு பலகையும் சின்னவர்களுக்கு 9 மீற்றரில் ஒன்றும் பதிக்கலாம், கிடங்குக்குக் கிட்ட இன்னொன்று பதித்தால் நீளம் பாய்கிறவர்களும் அதிலேயே பழகலாம். கல்விக் கோட்டத்துக்கு ஒன்று போட்டாலே காணும். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் வாசலுக்கு வளைவு கட்டித் தருகிறார்கள், நன்றி, ஆனால் வளைவுக்குக் கீழால் நடந்துதான் போகலாம்.

அது வரும்வரை கிடங்கையாவது பார்ப்போம். எங்கள் கிடங்கில் மண் மாற்றி எத்தனையோ வருடம், மழைக்கு இறுகிச் சீமெந்து போலக் கிடக்கிறது, ஒவ்வொரு நாளும் மண்வெட்டியால் கொத்திவிட்டுத்தான் பாய விடுகிறேன். இல்ல விளையாட்டுப்போட்டிக்கு முன் இரண்டு லோட் கடல் மண் தர யாராவது இருந்தால் உங்கள் பத்திரிகைக்கு அறிவிக்கட்டும், பறிக்க நானும் பெடியளும் நிற்போம்.

இப்படிக்கு,
ஒன்பதாவதாக வந்த விளையாட்டு ஆசிரியர்,
உரும்பிராய்.