கப்பல் கட்டும் தளங்களின் முன்பணத்துக்கு அரசு பிணை நிற்க வேண்டும்

மாண்புமிகு ஒன்றியத் துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து மற்றும் நீர்வழித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் கப்பல் கட்டும் தளம் ஒன்றின் ஒப்பந்தப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 2025 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்த 69,725 கோடி ரூபாய்க் கப்பல் கட்டுமானத் திட்டத்தையும், தளங்களுக்கான நிதியுதவி 2036 வரை நீட்டிக்கப்பட்டதையும் நாங்கள் மனமார வரவேற்றோம். ஆயினும், அண்மையில் ஏறக்குறைய முடிவாகியிருந்த ஒரு சரக்குக் கப்பல் ஒப்பந்தம் எங்களை விட்டுச் சீனத் தளம் ஒன்றுக்குப் போய்விட்டது. விலை வேறுபாட்டைத் தங்கள் நிதியுதவி பெருமளவு ஈடுசெய்திருந்தது. ஒப்பந்தம் கைநழுவக் காரணம் ஒரு வங்கிக் கடிதம் கிடைக்காமல் போனதுதான்.

தாங்கள் அறிந்தபடி, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதும், தகடு வெட்டத் தொடங்கும்போதும், கீல் எனும் அடிமுதுகெலும்பை வைக்கும்போதும், கப்பலை நீரில் இறக்கும்போதும், இறுதியாக ஒப்படைக்கும்போதும் என வாங்குபவர் தவணை தவணையாகப் பணம் தருகிறார். கப்பலை முடிக்க முடியாமல் போனால் அதுவரை தந்த பணம் வட்டியோடு திரும்பக் கிடைக்கும் என்று ஒரு வங்கி எழுதிக்கொடுத்தால்தான் முதல் தவணையே வரும். எங்கள் வங்கியோ அந்த உத்தரவாதத்துக்கு ஈடாக முழுத் தொகையையும் வைப்பாகக் கட்டச் சொன்னது. எஃகுத் தகட்டுக்கும் முதன்மை எஞ்சினுக்கும் ஆர்டர் கொடுப்பதற்காகவே முன்பணம் கேட்கும் ஒரு தளம், அதே அளவு பணத்தை வங்கியில் முடக்கிவைக்க எங்கே போகும்? போட்டித் தளத்துக்கு அதன் நாட்டு அரசு வங்கியே அந்தக் கடிதத்தைத் தருகிறது. உலகக் கப்பல் கட்டுமானத்தில் சீனா பாதிக்கு மேல் வைத்திருப்பதற்கும், நாம் 1 விழுக்காட்டைக்கூட எட்டாமல் இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

மற்ற தொழில்களைப் போல, நியாயமற்ற மலிவு விலையில் இறக்குமதியாகும் பொருள்கள் மீதான குவிப்புத் தடுப்பு வரியை விதித்து இதைச் சமாளிக்கவும் முடியாது. அடிமாட்டு விலைக்குக் கட்டப்பட்ட கப்பலைப் பனாமாவிலோ லைபீரியாவிலோ பதிவுசெய்து ஓட்டுகிறார்கள்; நம் சுங்கத்தைக் கடந்து இறக்குமதியாகாத பொருளுக்கு எங்கே வரி போடுவது? இந்த இடைவெளியை அடைக்க 1994இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பில் கையெழுத்தான ஒப்பந்தம், அமெரிக்கா ஏற்புறுதி அளிக்காததால் நடைமுறைக்கே வரவில்லை. அதே அமெரிக்கா 2025 அக்டோபரில் சீனக் கப்பல்கள் மீது கொண்டுவந்த துறைமுகக் கட்டணமும் அடுத்த மாதமே ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. வெளியிலிருந்து நியாயம் வரும் என்று நாங்கள் காத்திருக்க இயலாது. முன்பண உத்தரவாதத்துக்கு அரசு பிணை நிற்க வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

இதில் உலக வர்த்தக அமைப்பின் விதி குறுக்கே நிற்கும் என்று தங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். கொரிய ஏற்றுமதி-இறக்குமதி வங்கி வழங்கிய இத்தகைய உத்தரவாதங்களில் சில தடைசெய்யப்பட்ட ஏற்றுமதி மானியம் என்று 2005இல் தீர்ப்பானது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு கொரியாவின் உத்தரவாதத் திட்டத்தையே செல்லாததாக்கவில்லை. சந்தை நிலவரத்துக்கு ஏற்ற கட்டணத்தை எங்களிடம் வாங்கிக்கொண்டு, உள்நாட்டு ஆர்டர், வெளிநாட்டு ஆர்டர் என்ற பேதமின்றி அரசு பிணை நின்றால் அந்தச் சிக்கல் எழாது என்றே கருதுகிறேன். நாங்கள் கேட்பது இலவசம் அல்ல.

கப்பல் கட்டும் தளங்களுக்கான 30 விழுக்காடு மானியம் 2007 ஆகஸ்டில் காலாவதியான பின், அடுத்த திட்டம் 2016 ஏப்ரலில்தான் தொடங்கியது. அந்த எட்டரை ஆண்டுகளில் மூடிய தளங்களையும், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன வெல்டர்களையும் இனி எந்தத் தொகுப்பு நிதி திருப்பிக் கொண்டுவரும்? ஒரு கப்பலின் அடித்தட்டைத் தலைக்கு மேலே பார்த்தபடி பிசகின்றிப் பற்றவைக்கும் கை ஒரு பயிற்சி முகாமில் உருவாவதில்லை. இந்த ஆதங்கத்தைச் சற்றுக் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

புதிய திட்டத்தில் இடர் காப்பீட்டுக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. அதில் முன்பண உத்தரவாதத்தையும் வெளிப்படையாகச் சேர்த்து, வங்கிகள் முழு வைப்புக் கேட்காத வகையில் நிதி அமைச்சகத்தோடு பேசி ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கப்பல் கட்டும் தள ஊழியன் ஒருவன்