மழை அளவு மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் திடீர் வெள்ளம் பற்றிய செய்திகளில் எத்தனை மில்லிமீட்டர் மழை, எந்தச் சாலை மூழ்கியது, எப்போது வடிந்தது என்று மூன்றையும் போட்டு முடித்துவிடுகிறீர்கள். அந்த மழை எப்படிப்பட்ட நிலத்தின்மீது விழுந்தது என்பது வருவதே இல்லை. நீர்ப்பிடிப்பு, அதாவது ஓர் ஓடைக்கு மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு, அதை ஆராய்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்வியோ அதுதான்.

கடல்நீர் பூமிக்கடியில் ஊறி வந்துதான் ஆறுகளாகிறது, மழை அதற்குக் காணாது என்று படித்தவர்களே நம்பிய காலத்தில், பிரான்சில் பியேர் பெரோ என்பவர் செய்ன் ஆற்றின் தலைப்பகுதியில் பெய்த மழையையும் ஆற்றில் ஓடிய நீரையும் கணக்குப் போட்டார். 1674இல் வெளிவந்த அந்தக் கணக்கின்படி, மழையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே ஆற்றுக்குப் போதும். சரி, மீதி ஐந்து பங்கு எங்கே போனது? அமெரிக்காவின் கொலராடோவில் 1910இல் அடுத்தடுத்த இரண்டு ஓடைகளை அளக்கத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் சும்மா அளந்துகொண்டே இருந்துவிட்டு, அப்புறம் ஒன்றின் காட்டை மட்டும் வெட்டினார்கள். காடு வெட்டிய அந்த ஓடையில் நீர் கூடியது. மீதியில் ஒரு பகுதியை மரங்கள்தான் எடுத்துக்கொண்டிருந்தன. இன்றைய ஆய்வு நிதிக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா தெரியவில்லை!

மண் உறிஞ்சும் வேகத்தை மழை மிஞ்சும்போதுதான் தண்ணீர் மேலோடுகிறது என்று 1933இல் அமெரிக்க நீரியல் அறிஞர் ஹார்ட்டன் விளக்கினார். எல்லா இடத்துக்கும் அது பொருந்தவில்லை. 1970களில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளை) வைத்துச் சோதித்தபோது, பல காட்டு ஓடைகளில் மழைக்குப் பின் பெருகிய நீரில் பெரும்பகுதி அன்று பெய்த மழையே அல்ல, முன்பே மண்ணில் தங்கியிருந்த பழைய நீர் என்று தெரிந்தது. புதுமழை அதை வெளியே தள்ளியிருக்கிறது. இந்தத் துறையில் என்னை இதைவிட வியக்க வைத்த முடிவு வேறில்லை.

நம் ஊர்க் கால்வாயில் அந்தப் பழைய நீருக்கு அதிகம் இடமில்லை. கூரை, கார்நிறுத்தம், சாலை, வடிகால் என்று விழுந்த மழை அப்படியே ஓடிவிடுகிறது. பெய்த மழையில் எவ்வளவு பங்கு இப்படி ஓடும் என்பதை நம் வடிகால் விதிமுறை குணகம் என்ற ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. முழுக்கத் தளம் போட்ட இடத்துக்கு அது 1, அதாவது ஒரு சொட்டும் மண்ணுக்கில்லை. அந்தக் குணகத்தை மழையின் தீவிரத்தோடும் பரப்பளவோடும் பெருக்கினால் உச்ச வெள்ளம் கிடைக்கும். 1851இல் அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி முன்வைத்த முறையின் வழிவந்த சூத்திரம் இது. 2014 முதல், 0.2 ஹெக்டரோ அதற்கு மேலோ உள்ள புதிய கட்டுமானத் தளங்கள் தங்கள் உச்ச நீரோட்டத்தை, குணகம் 0.55 இருந்தால் எவ்வளவு வருமோ அந்த அளவுக்குள் அடக்க வேண்டும். கட்டடத்தின் அடியில் தொட்டி வைத்து நீரைப் பிடித்து மெதுவாக விடுகிறார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டை 2010இல் வெள்ளம் சூழ்ந்த பிறகு கட்டிய ஸ்டாம்ஃபர்ட் தொட்டி செய்வதும் அதே வேலைதான், 38,000 கன மீட்டர் அளவில்.

பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றின் கான்கிரீட்டை உடைத்து 2012இல் கரையைப் புல்லாக்கினார்கள். அங்கேயும் மழை வலுத்தால் சைரன் ஒலிக்கிறது, விளக்கு எரிகிறது. ஆற்றுக்கு மழைநீரை அனுப்பும் நகரம் மாறவில்லையே!

ஆகவே அடுத்த வெள்ளச் செய்தியில், எந்த நீர்ப்பிடிப்பு, கால்வாய் நீர்மட்டம் மழை தொடங்கி எத்தனை நிமிடத்தில் உச்சம் தொட்டது என்ற இரண்டையும் சேருங்கள். கால்வாய் நீர்மட்டத்தைப் பொதுப் பயனீட்டுக் கழகம் இணையத்தில் வெளியிடுகிறது, செய்தியாளர் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வாசகர், அங் மோ கியோ