தாய்வீட்டில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் சுகாதாரப் பணியாளர் வீட்டு வருகை தவறாமல் கிடைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கிராமப் பெண்கள் சார்பாக ஒரு குழந்தையின் பாட்டி,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகளை ஓசூர் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தடுப்பூசி போட்டதும் அங்கேதான். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடந்த மார்கழியில் அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 100 கிராம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதன்பிறகு எங்களைப் பார்க்க யாரும் வரவில்லை.

எட்டாம் நாள் ராத்திரி குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. எங்கள் ஊர்க் குளிர் தாங்காமல்தான் அப்படி இருக்கிறது என்று நினைத்து, துணியைச் சுற்றி, சாம்பிராணி போட்டு விடியும்வரை மடியிலேயே வைத்திருந்தேன். காலையில் வேறு வேலையாக வந்த பக்கத்து ஊர் ஆஷா (வீடு வீடாக வரும் கிராம சுகாதாரப் பணியாளர்), புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்தார். இரண்டுமே சில்லென்று இருந்தன. உடனே குழந்தையின் துணியை அவிழ்த்து, என் மகளின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து வைத்து, மேலே போர்த்திவிட்டு, 108-ஐ அழைத்தார். ஒன்பது நாள் சிகிச்சைக்குப் பிறகு குழந்தை பிழைத்தது. அந்தப் பெண் தெய்வம் மாதிரி வந்தார். ஆனால் அவர் வந்தது தற்செயலாகத்தானே.

அப்புறம் விசாரித்தேன். புகுந்த ஊரில் "அவங்க தாய்வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார்கள். இங்கே கேட்டால் "உங்க பொண்ணு பேரு எங்க பட்டியல்ல இல்லையே" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் வழக்கம். பெயர் ஓரிடத்திலும் குழந்தை வேறிடத்திலும் இருப்பதால் எங்கள் ஊரில் இன்னும் மூன்று வீடுகளில் இப்படித்தான் ஆகியிருக்கிறது.

2011 முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆஷா வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்தால் முதல் நாளும் சேரும். ஏழாம் நாள் ஒருவர் வந்து எடை போட்டு, உடம்புச் சூடு பார்த்திருந்தால் எட்டாம் நாள் ராத்திரி எங்களுக்கு வந்திருக்காது.

ஆகவே, மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே தாயும் குழந்தையும் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டு, அன்றைக்கே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் தர உத்தரவிட வேண்டுகிறோம். பதிவு எங்கே இருந்தாலும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வருகை நடக்க வேண்டும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முதல் வாரத்து வருகை எக்காரணம் கொண்டும் தவறக் கூடாது.

ஆஷாக்கள் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லா வருகையும் முடித்தால் ஒரு குழந்தைக்கு 250 ரூபாய் ஊக்கத்தொகை. மலை ஊர்களுக்கு ஆட்டோ வைத்துப் போனால் அதில் என்ன மிஞ்சும்? பயணப்படி தனியாகக் கொடுங்கள். எடை பார்க்கும் தராசும் தெர்மாமீட்டரும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இன்று வீடு தேடி வருகின்றன. பிறந்து ஒரு வாரமான குழந்தைக்கும் அதே அக்கறை கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிராமப் பெண்கள்

இணைப்பு: தாய் சேய் நல அட்டை நகல், 31 பேரின் கையொப்பம்.